புது பிக்அப் தூக்கிப் போடுகிறதா? பட்டையில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

புதிதாக பிக்அப் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் சொல்லும் குறை அநேகமாக ஒன்றுதான்: காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது, வில்லுக்குறி தாண்டித் தக்கலை போவதற்குள் நடு முதுகு போய்விடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், "ஒரு பட்டையைக் கழத்திருவோம் அண்ணாச்சி, சரியாயிரும்" என்று பதில் வரும். பட்டை என்றால் ஆக்சிலைத் (இரு சக்கரத்தையும் சேர்க்கும் அச்சு) தாங்கும் இரும்புத் தகடு அடுக்கு, லீஃப் ஸ்பிரிங். அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். பெரும்பாலும் காசு செலவில்லாமலே பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி வண்டியின் சுபாவம். அதை எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் கேள்வி.

முதலில், குலுக்கலா நடுக்கமா?

இரண்டும் வேறு நோய், மருந்தும் வேறு. பள்ளத்திலும் வேகத்தடையிலும் மட்டும் பின்பக்கம் துள்ளினால் அது ஸ்பிரிங், டயர் காற்று, ஷாக் (துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்) சம்பந்தப்பட்டது. வழவழப்பான ரோட்டிலும் குறிப்பிட்ட வேகத்தில் வண்டி நடுங்கினால் சக்கரம், புரொப்பல்லர் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு போகும் தண்டு) பக்கம் தேட வேண்டும்.

இதைப் பிரித்துப் பார்க்க நம் குமரி மாவட்டத்துக்குள் நல்ல ரோடு கிடைப்பது கஷ்டம். வளைவும் சந்திப்புமாகவே போகும். ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு போய் நாற்கரச் சாலையில் ஏறுங்கள். 60, 70, 80 என்று ஒவ்வொரு வேகத்திலும் கொஞ்ச தூரம் சீராக ஓட்டுங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் கோளாறு அநேகமாக முன்சக்கரத்தில். சீட்டும் தரையும் நடுங்கினால் பின்னால். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் ஷாஃப்ட், அதன் ஜாயின்ட், சென்டர் பேரிங். பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் பிரேக் டிஸ்க் அல்லது டிரம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காலி வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அதைக் கோளாறு என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

விற்பனைக்கு முன் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டில் நாள்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வண்டியின் டயர், தரையில் பட்ட இடத்தில் லேசாகத் தட்டையாகியிருக்கும். இருபது முப்பது கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதும் அந்த நடுக்கம் பொதுவாகப் போய்விடும். போகவில்லை என்றால் வீல் பேலன்சிங். ரப்பர் தோட்டத்து மண்பாதையில் போய் வருபவர்கள் அதற்கு முன் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஒரு கை செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தாலே சக்கரம் ஆடும்.

காற்று

இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. யார்டில் நிற்கும் காலத்தில் டயர் தட்டையாகாமல் இருக்க வழக்கத்தைவிட அதிகக் காற்று அடித்து வைப்பார்கள். டெலிவரிக்கு முன் அதைக் குறைத்துத் தர வேண்டும். அவசரத்தில் அப்படியே கைக்கு வந்துவிடுவதும் உண்டு.

காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயர் நாலைந்து பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைந்திருக்கும். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம்தான், ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும். சொந்தமாகக் காற்று அளக்கும் கேஜ் ஒன்று வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டிய ஸ்டிக்கரிலோ, வண்டியோடு தந்த கையேட்டிலோ இருக்கும். டயரின் பக்கவாட்டில் 65, 80 என்று அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடித்தால் காலி வண்டி கல்லாகத்தான் ஓடும். பல வண்டிகளில் காலிக்கு ஓர் அளவு, சுமைக்கு ஓர் அளவு என்று பின்சக்கரத்துக்கு இரண்டு எண் தந்திருப்பார்கள்.

இங்கே தொழிலைப் பொறுத்து முடிவு மாறும். விடியற்காலை குளச்சலுக்குக் காலியாகப் போய் மீன் பெட்டி ஏற்றி வருபவர், சுமைக்கான காற்றோடுதான் கிளம்ப வேண்டும். போகும்போது குலுங்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். காற்றுக் குறைந்த டயரில் பாரம் ஏறினால் அது சூடாகி வெடிக்கும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வடசேரிச் சந்தைக்கு நேந்திரன் தார் கொண்டு போய்விட்டு, மற்ற நாளெல்லாம் வீட்டு வேலைக்கு ஓட்டுபவருக்கு வேறு வழி இருக்கிறது. 12 வோல்ட்டில் ஓடும் சின்ன கம்ப்ரசர் ஒன்று வாங்கிவிட்டால், காலிக்கும் சுமைக்கும் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். எப்படியானாலும் காலிக்குச் சொன்ன அளவுக்குக் கீழே இறக்காதீர்கள்.

மணல் மூட்டை வைத்துப் பாருங்கள்

பின்பட்டைகள் முழுப் பாரத்தைச் சுமக்கச் செய்தவை. மேலே எதுவும் இல்லாதபோது அவை வளைய மறுக்கும், பள்ளத்தின் அடி நேராக உடம்புக்கு வரும். டாடா ஏஸ் மாதிரி குட்டி யானையில் முன்பக்கமும் பட்டைதான். ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்றவற்றில் முன்னால் காயில் (சுருள்) ஸ்பிரிங். ஆனால் அவற்றிலும் பின்னால் பட்டையே.

சிமென்ட் சாக்கில் மணல் நிரப்பி நாலு மூட்டை, சுமார் 200 கிலோ, பின் ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்துக் கட்டுங்கள். கட்டாமல் எடுக்காதீர்கள். காலியாக ஓட்டிய அதே ரோட்டில் அதே வேகத்தில் மறுபடி ஓட்டுங்கள். மார்த்தாண்டம் மேம்பாலத்து இணைப்புகளில் கிடைக்கும் 'டக் டக்' இதற்கு ரொம்ப வசதி. மூட்டை வைத்ததும் அடி நன்றாகக் குறைந்தால் வண்டியில் குறையில்லை, அது சுமை கேட்கிறது. வைத்த பிறகும் அதே அடி என்றால் கீழே குனிந்து பார்க்க வேண்டும்.

கீழே என்ன பார்ப்பது?

வண்டி சமதளத்தில், கியரில், கல் வைத்து நிற்கட்டும். ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் படுக்காதீர்கள்.

சேசிஸில், ஆக்சிலுக்கு மேலே, கறுப்பு ரப்பர் கட்டை ஒன்று இருக்கும், பம்ப் ஸ்டாப். அதன் அடியில் ஈரக் களிமண்ணை மெல்லியதாகத் தடவிவிட்டு வழக்கமான பாதையில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். களிமண்ணில் இரும்பு பதிந்த அச்சு இருந்தால் ஆக்சில் மேலே வந்து இடிக்கிறது. காலி வண்டியில், சாதாரண ரோட்டில் அப்படி இடிக்கக் கூடாது.

அடுத்து ஷாக். மேலே லேசாக எண்ணெய் ஈரம் இருப்பது பரவாயில்லை. வழிந்து சொட்டினால் வாரண்டியில் மாற்றச் சொல்லுங்கள்.

பட்டையின் இரு முனையிலும் போல்ட்டைச் சுற்றி உள்ள புஷ் என்ற உருளையைப் பாருங்கள். ரப்பர் புஷ் உள்ள வண்டியில், சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை பட்டையில் இறங்கிய பிறகே போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். வண்டி விறைப்பாக ஓடும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். சர்வீசில் பட்டை வேலை ஏதாவது பார்த்த பிறகு குலுக்கல் கூடியிருந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் போக வேண்டும். பட்டையை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் நட்டுகளை முதல் சர்வீசில், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

மீன் ஏற்றுபவர்களுக்குத் தனியாக ஒன்று. பெட்டியில் இருந்து சொட்டும் ஐஸ் தண்ணீர் உப்பும் சேர்ந்தது. அது பட்டைகளின் இடுக்கில் இறங்கிக் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருக்கும், கொஞ்ச நாளில் துரு கட்டிப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவாமல் பிடித்துக்கொள்ளும். தினமும் நல்ல தண்ணீரில் அடியைக் கழுவினால் போதும். பழைய இன்ஜின் ஆயிலைப் பட்டையில் பூசும் பழக்கம் நம் பக்கம் நிறைய உண்டு. அந்த ஆயில் புஷ் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும், ஒட்டிய தூசியைப் பிடித்து வைக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிரீஸ் வேண்டுமா, எங்கே வேண்டும் என்பதைக் கையேடு சொல்லும்.

பட்டையைக் கழற்றினால் என்ன?

காலி வண்டி கொஞ்சம் இளகும், உண்மைதான். ஆனால் முழுப் பாரம் ஏற்றியதும் மீதிப் பட்டைகள் அந்த எடையைப் பங்கிட்டுச் சுமக்க வேண்டும். பின்பக்கம் அமுங்கி முறிவு வரை போகும். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன் கீழ் வரும். வாரண்டி கேட்கும்போதும் பிரச்சினை. கூடுதல் பட்டை போடுவதும் அப்படித்தான்: ஆர்சியில் உள்ள சுமை அளவு அதனால் கூடாது, குலுக்கல்தான் கூடும்.

காற்றும் புஷ்ஷும் சரியாக இருந்தும் முதுகு வலித்தால், டிரைவர் சீட்டுக்கு நல்ல அடர்த்தியான ஃபோம் வைத்துத் தைப்பதுதான் கொடுத்த காசுக்குப் பலன் தரும். விலை உயர்ந்த ஷாக் வாங்குவது அதற்கு அப்புறம். கடையில் 'ஹெவி டியூட்டி' என்று தருவது பெரும்பாலும் இன்னும் விறைப்பாக இருக்கும். காலி வண்டிக்கு அது எதிர் மருந்து. சத்தத்தையும் குலுக்கலோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். பின்கதவுச் சங்கிலியில் பழைய டியூப் துண்டைச் சுற்றினாலே பாதி ஆரவாரம் அடங்கும்.

சர்வீஸ் சென்டருக்குப் போனால், ஜாப் கார்டில் 'ரைடு சரியில்லை' என்று எழுத விடாதீர்கள். 'அதெல்லாம் பிக்அப்னா அப்படித்தான்' என்று அனுப்பிவிடுவார்கள். 'காலி வண்டி, காற்று ஸ்டிக்கர் அளவில், 70-இல் ஸ்டியரிங் நடுக்கம்' அல்லது 'காலி வண்டியில், சாதாரண ரோட்டில் பம்ப் ஸ்டாப் இடிக்கிறது' என்று எழுதச் சொல்லுங்கள். அட்வைசரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ஓட்டம் போய் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.