பெட்டிக்குள் அடங்காத மேட்டரை என்ன செய்வது?

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் டெக்ஸ்ட் பெட்டியின் வலது கீழ் மூலையருகே சிவப்பாக ஒரு கூட்டல் குறி தெரிகிறதா? உள்ளே அடங்காத மேட்டர், அதாவது எழுத்து, இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். மிச்சத்தை வெட்டி வேறொரு பெட்டியில் ஒட்டிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். நாளைக்குத் திருத்தத்தில் இரண்டு வரி கூடினால் எல்லாவற்றையும் மறுபடி வெட்டி ஒட்ட வேண்டியதுதான்.

செலக்‌ஷன் டூலால் (கறுப்பு அம்புக்குறி) அந்தக் குறிமேல் ஒரு கிளிக். மவுஸ் முனையில் மேட்டர் ஏறிக்கொள்ளும். அடுத்த பெட்டிமேல் கிளிக் செய்தால் மிச்சம் அங்கே போய் உட்காரும். காலி இடத்தில் இழுத்தால் புதுப் பெட்டியே உருவாகும். நீளமான கட்டுரையா? ஷிஃப்டைப் பிடித்தபடி கிளிக் செய்யுங்கள், வேண்டிய பக்கங்களையும் அதுவே சேர்த்துக்கொள்ளும். இப்படி இணைத்த பெட்டிகளில் நடுவில் ஒன்றை அழித்தாலும் எழுத்து போகாது; அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடும்.

சில சமயம் மேட்டர் முழுதும் கண்ணுக்குத் தெரியும், குறி மட்டும் போகாமல் அடம்பிடிக்கும். பெரும்பாலும் கடைசியில் தட்டிய வெறும் என்டர்தான் காரணம். கன்ட்ரோல்+ஒய் அழுத்தி ஸ்டோரி எடிட்டரில் (எழுத்தை மட்டும் தனியாகக் காட்டும் ஜன்னல்) பார்த்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.