டவருக்குப் பயந்து போனைக் காதில் அழுத்தாதீர்கள்

மேலூர் பக்கம் எங்கள் ஊரில் ரேடியேஷனுக்குப் பயந்து செல்போன் டவர் வரக்கூடாது என்று தெருவே சேர்ந்து மனு எழுதியது, முதல் கையெழுத்து எங்கள் பெரியப்பாவுடையது. அன்று ராத்திரி அவரே உள் அறையில், நெல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திப் பிடித்து "கேக்குதாடா, கேக்குதா" என்று முக்கால் மணி நேரம் பேசினார். சிக்னல் ஒரே ஒரு கோடு.

பெரிய தவறு இதுதான். டவர் தூரமாக இருந்தாலோ இடையில் தடித்த சுவர் இருந்தாலோ, போன் தன் அலையின் சக்தியைக் கூட்டித்தான் டவரோடு பேசும், பக்கத்திலேயே நல்ல சிக்னல் இருந்தால் தானாகவே குறைத்துக்கொள்ளும். தூரம் கூடக் கூட அலை வேகமாக வலுவிழக்கும் என்பதால், தெருக்கோடி டவரிலிருந்து தலைக்கு வருவதைவிடக் காதில் ஒட்டியிருக்கும் போனிலிருந்து வருவதுதான் பெரும்பாலும் அதிகம். டவரைத் துரத்தினால் போன் இன்னும் கூடுதலாக உழைக்கும். (மொட்டை மாடியில் டவர் இருந்தால் ஆன்டெனாவுக்கு நேர் எதிரே போய் நிற்கக் கூடாது, அது வேறு விஷயம்.) டவர் மேல் சந்தேகம் இருந்தால் டவர்களின் விவரம் தரும் மத்திய அரசின் தரங் சஞ்சார் இணையதளத்தில் பாருங்கள்.

பேசி முடித்ததும் போனை வாங்கிப் பார்த்தேன், நன்றாகச் சுட்டது. "பாத்தியா, ரேடியேஷன்" என்றார். இல்லை பெரியப்பா, அது பேட்டரியும் உள்ளே இருக்கிற சிப்பும் தருகிற சூடு.

அடுத்து எஸ்.ஏ.ஆர். எண். ஒரு கிலோ உடல் திசு எவ்வளவு ரேடியோ ஆற்றலை உறிஞ்சுகிறது என்கிற கணக்கு இது. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட், அதுவும் 1 கிராம் திசுவில் சராசரி பார்த்து. ஐரோப்பாவில் 10 கிராமில் சராசரி பார்த்து 2 வாட், அதனால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. *#07# அழுத்தினால் பல போன்களில் இந்த எண் வரும். 0.9 வந்தால் நல்ல போன், 1.2 வந்தால் ஆபத்து என்று முடிவு கட்டாதீர்கள், ஏனென்றால் போனை முழு சக்தியில் ஓட விட்டு அளந்த எண் அது. சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் 1.2 போன், சிக்னல் இல்லாத இடத்தில் பேசும் 0.9 போனைவிடக் குறைவாகவே வெளியிடலாம்.

அப்புறம், டவுன்ஹால் ரோட்டில் ரேடியேஷனைத் தடுக்கும் என்று ஸ்டிக்கர் விற்றால் காசைக் கொடுத்துவிடாதீர்கள். அது ஆன்டெனாவை மறைத்தால் போன் சக்தியைக் கூட்டும், மறைக்காவிட்டால் அதனால் பயனே இல்லை.

புற்றுநோய் பயமா? 2011ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்த அலைகளை '2பி', அதாவது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்கிற பட்டியலில் சேர்த்தது, முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்து 2024ல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, மூளைப் புற்றுநோயோடு தொடர்பு எதையும் காணவில்லை.

சரி, பெரியப்பாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: வெளியே வாங்க, ஸ்பீக்கர் போடுங்க, இல்லை இயர்போன் மாட்டுங்க. இப்போது திண்ணையில் உட்கார்ந்துதான் பேசுகிறார், அங்கே மூன்று கோடு வருகிறது.