'மேக்'கா, 'டூ'வா? ஆங்கில வினைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலம் எழுதிப் பழகுகிறவர்களின் கடிதங்களையும் கட்டுரைகளையும் திருத்திக் கொடுப்பது என் வேலை. பலருக்கு இலக்கணம் சரியாக இருக்கும், எழுத்துப்பிழை இருக்காது, ஆனாலும் வாக்கியம் நொண்டும். உற்றுப் பார்த்தால், 'மேக்', 'டூ', 'டேக்', 'கெட்', 'கோ' என்று ஆரம்பத்திலேயே படித்துவிடுகிற குட்டி வினைச்சொல் ஒன்று தப்பான துணையோடு உட்கார்ந்திருக்கும். நானும் அந்த வழியாக வந்தவன்தான், எங்கே கால் இடறும் என்று தெரியும். 'டிஸ்கஸ்' பின்னால் 'அபௌட்' போடாதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லியாகிவிட்டது, அதை விட்டுவிடுகிறேன்.

'மேக்' என்றால் உருவாக்குவது, 'டூ' என்றால் செய்வது

இந்தச் சூத்திரத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். புதிதாக ஒன்று உண்டானால் 'மேக்', வெறும் செயல் என்றால் 'டூ'. கேக், நாற்காலி, வீட்டுப்பாடம், உடற்பயிற்சி வரைக்கும் நன்றாகவே ஓடும். அதனால்தான் நம்பிவிடுகிறார்கள்.

அதைத் தாண்டினால் வண்டி நின்றுவிடும். தவறு செய்தால் 'மேக் அ மிஸ்டேக்'. போன் செய்தால் 'மேக் அ ஃபோன் கால்'. முயற்சி செய்தால் 'மேக் அன் எஃபர்ட்'. இவற்றில் எந்தப் பொருள் உண்டானது? மறுபக்கம், படம் வரைந்தால் கண்ணெதிரே ஒரு பொருள் உண்டாகிறது, அதற்கு 'டூ அ டிராயிங்' என்பார்கள். தச்சர் கட்டில் செய்தாலும் 'மேக் அ பெட்'. காலையில் எழுந்து விரிப்பை இழுத்து ஒழுங்குபடுத்தினாலும் 'மேக் த பெட்'.

வேலைக்கு விண்ணப்பிக்க இருந்த ஒரு பெண் தன் கடிதத்தைக் கொண்டுவந்தார். 'டிட் அ டிசிஷன்', 'டிட் ப்ராக்ரஸ்', 'டிட் சஜெஷன்ஸ்' என்று வரிசையாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். "முடிவு ஒரு பொருள் இல்லையே சார், அதனாலதான் 'டூ' போட்டேன்" என்றார். சொல்லிக்கொடுத்ததை அவர் ஒழுங்காகத்தான் பின்பற்றியிருக்கிறார். மூன்றுக்கும் 'மேக்'தான் வரவேண்டும். எழுத்திலாவது திருத்திவிடலாம். பேசும்போது ஒவ்வொரு வினைக்கும் முன்னால் 'இது பொருளா, செயலா' என்று யோசித்து ஒரு கணம் நின்றார். நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவருக்கு அந்தத் தயக்கம் மட்டும்தான் தெரியும். நல்ல ஆங்கிலம் வைத்திருந்தவர் அவர்.

பெயர்ச்சொல்தான் தனக்கு வேண்டிய வினையைக் கூட்டிக்கொண்டு வருகிறது. இது நமக்குப் புதிதே இல்லை. கொட்டாவி விடுகிறோம், சண்டை போடுகிறோம், பசி எடுக்கிறது, கோபம் வருகிறது. 'கொட்டாவி போட்டான்' என்று எந்தக் குழந்தையாவது சொன்னால் சிரிப்போம், ஆனால் ஏன் 'விடு' என்று கேட்டால் பதில் இருக்காது. ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் சூத்திரம் தேடுகிறோம்?

அதனால் நோட்டில் 'மேக்' என்று தலைப்பு போட்டுப் பட்டியல் எழுதுவதை நிறுத்துங்கள். 'ப்ராமிஸ்' என்று எழுதி, அதன் கீழே 'மேக்', 'கீப்', 'பிரேக்' என்று எழுதுங்கள்: வாக்குக் கொடுப்பது, காப்பாற்றுவது, மீறுவது, மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். 'டிசிஷன்' கீழே 'மேக்', 'ரீச்', 'கம் டு'; பிரிட்டிஷ்காரர்கள் 'டேக் அ டிசிஷன்' என்றும் சொல்வார்கள். 'கன்க்ளூஷன்' கீழே 'டிரா', 'ரீச்', அப்புறம் அவசரக்காரர்களுக்கு 'ஜம்ப் டு'. 'டேமேஜ்' கீழே 'டூ', 'காஸ்', பாதிக்கப்பட்ட பக்கத்துக்கு 'சஃபர்'. 'அட்டென்ஷன்' கீழே 'பே', 'அட்ராக்ட்', 'டிரா'.

இப்படி எழுதினால் நுணுக்கங்களும் தானாகக் கண்ணில் படும். 'ரிஸ்க்' கீழே 'டேக்', 'ரன்' இரண்டும் வரும். தெரிந்தே துணிந்து இறங்கினால் 'டேக் அ ரிஸ்க்'. ஒரு காரியத்தால் ஆபத்து வந்து சேரலாம் என்றால் 'ரன் த ரிஸ்க்'. வினைக்குத் தமிழ் அர்த்தம் எழுதி மனப்பாடம் செய்தவருக்கு, ஓடுவதற்கும் ஆபத்துக்கும் என்ன உறவு என்று கடைசி வரை பிடிபடாது.

எல்லா மாற்றத்துக்கும் 'பிகம்'

கோபம் வந்தாலும் 'பிகேம்', நனைந்தாலும் 'பிகேம்', தூங்கிப்போனாலும் 'பிகேம்'. சில இடங்களில் இலக்கணப்படி குற்றம் இல்லை, காதுக்குத்தான் விறைப்பாக இருக்கும்.

பேச்சில் பெரும்பாலும் 'கெட்' போதும்: 'கெட் ஆங்ரி', 'கெட் வெட்', 'கெட் டயர்ட்'. கெட்டுப்போவது, இழப்பது பக்கம் 'கோ' நிற்கும்: சாப்பாடு 'கோஸ் பேட்', தலை 'கோஸ் பால்ட்', கம்பெனி 'கோஸ் பேங்க்ரப்ட்', பூனை 'கோஸ் மிஸ்ஸிங்'. உடனே இதையும் சூத்திரமாக்கிவிடாதீர்கள். நோய் கெட்டதுதான், ஆனால் 'கோ இல்' கிடையாது, 'ஃபால் இல்' அல்லது 'கெட் இல்'. முதுமைக்கு 'கெட் ஓல்ட்', 'க்ரோ ஓல்ட்'. தூக்கத்துக்கும் மௌனத்துக்கும் 'ஃபால்': 'ஃபால் அஸ்லீப்', 'ஃபால் சைலன்ட்'. கனவு பலித்தால் 'கம் ட்ரூ', கட்டு அவிழ்ந்தால் 'கம் அன்டன்', கிணறு வற்றினால் 'ரன் டிரை', பால் புளித்தால் 'டர்ன் சௌர்' அல்லது 'கோ சௌர்'.

'கெட்' பின்னால் பெயர்ச்சொல்

'ஷி காட் அ டாக்டர்' என்றால் அவள் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் ஆனாள் என்று சொல்ல 'பிகேம்'தான். மேலே திட்டிய 'பிகம்'முக்கு இங்கே வேலை இருக்கிறது.

'லுக்ஸ் பியூட்டிஃபுலி'

தமிழில் 'அழகாகத் தெரிகிறது', 'இனிப்பாக இருக்கிறது' என்று 'ஆக' சேர்த்துப் பழகிவிட்டோம். அந்த 'ஆக'வை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் 'லி' ஆக்கிவிடுகிறார்கள். ஒன்று எப்படித் தெரிகிறது, மணக்கிறது, ருசிக்கிறது, காதில் விழுகிறது என்று சொல்லும்போது 'லுக்', 'ஸ்மெல்', 'டேஸ்ட்', 'சௌண்ட்' பின்னால் வெறும் உரிச்சொல் போதும்: 'லுக்ஸ் பியூட்டிஃபுல்', 'டேஸ்ட்ஸ் ஸ்வீட்', 'சௌண்ட்ஸ் ஸ்ட்ரேஞ்ச்'.

'ஹேவ்' இருப்பதையே மறப்பது

'ஹேவ் அ லுக்', 'ஹேவ் அ சாட்', 'ஹேவ் அ ரெஸ்ட்'. ஒற்றை வினையே போதுமே, எதற்கு இந்தச் சுற்றுவழி என்று கேட்கிறார்கள். உரிச்சொல்லைத் தொங்கவிட ஒரு கொக்கி கிடைக்கிறதே, அதுதான் லாபம். 'ஹேட் அ லாங், ஹானஸ்ட் சாட்' என்று சுலபமாகச் சொல்லலாம். அதையே 'சாட்' என்ற வினையை வைத்துச் சொல்லிப் பாருங்கள், வாக்கியம் மூச்சு வாங்கும். 'கிவ்'வும் இதே வேலையைச் செய்யும்: 'கேவ் இட் அ குட் வாஷ்'. குளியலுக்கு பிரிட்டனில் 'ஹேவ் அ பாத்', அமெரிக்காவில் 'டேக் அ பாத்'. எதைச் சொன்னாலும் புரியும்.

'கீப்' என்றால் 'வை'

புத்தகத்தை மேஜைமேல் வைத்தால் 'புட்'. கூட்டம் வைத்தால் 'ஹோல்ட்' அல்லது 'ஹேவ்'.

'டேக் கிளாஸஸ்'

ஆசிரியர்கள் கவனிக்கவேண்டியது இது. 'ஐ டுக் கிளாஸஸ்' என்று சொன்னால் அமெரிக்கருக்கு நீங்கள் மாணவராக உட்கார்ந்து படித்தீர்கள் என்றுதான் கேட்கும். பிரிட்டனில் ஆசிரியரும் 'டேக் அ கிளாஸ்' என்பதுண்டு. யார் படிக்கப்போகிறார்கள் என்று தெரியாத விண்ணப்பத்தில் 'டீச்'சின் இறந்தகாலமான 'டாட்' என்று எழுதிவிடுங்கள்.

'ரைட் அன் எக்ஸாம்'

இங்கே எல்லோருக்கும் புரியும், கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சொல்கிறார்கள். பிரிட்டனில் 'சிட்' அல்லது 'டேக்', அமெரிக்காவில் 'டேக்'.