பெரிய அட்டவணையில் உரைத் தேடல் மந்தமானால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடிக்கணக்கான வரிசைகள் உள்ள தரவுத்தள அட்டவணையில் உரைத் தேடல் மந்தமானதும், பலர் முதல் வேலையாக இண்டெக்ஸை (தேடலை விரைவாக்கும் துணை அமைப்பை) அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்குகிறார்கள். தேடும் கட்டளையான வினவல் அந்த இண்டெக்ஸைத் தொடவே இல்லை என்றால், எத்தனை முறை கட்டினாலும் பயன் இராது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், வினவல் இயங்கும் திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸ் கட்டளையை ஓட்டி, திட்டத்தில் ‘சீக் ஸ்கேன்’ (அட்டவணை முழுவதையும் படிப்பது) வருகிறதா, ‘பிட்மேப் இண்டெக்ஸ் ஸ்கேன்’ (இண்டெக்ஸ் வழியே தேடுவது) வருகிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றில் கைவைக்க வேண்டும்.

அங்கே சீக் ஸ்கேன் தெரிந்தால், நான் முதலில் சந்தேகிப்பது வினவலின் எழுத்தைத்தான். இண்டெக்ஸை, உரையைத் தேடலுக்கேற்ற சொற்பட்டியலாக (டிஎஸ்வெக்டராக) மாற்றும் டூ_டிஎஸ்வெக்டர்('இங்கிலீஷ்', விவரம்) என்று மொழி அமைப்போடு கட்டியிருப்பார்கள். வினவலிலோ டூ_டிஎஸ்வெக்டர்(விவரம்) என்று மட்டும் இருக்கும். விடை பெரும்பாலும் சரியாகவே வந்துவிடுவதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் மொழி குறிப்பிடாத வடிவம் இயல்புநிலை அமைப்பைப் பொறுத்து மாறக்கூடியது என்பதால், பிளானர் (வினவலை இயக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) இரண்டையும் ஒன்றாகக் கொள்ளாமல் அட்டவணை முழுவதையும் படிக்கிறது. வினவலில் மட்டும் ஒரு கோலஸ் (வெற்று மதிப்புக்குப் பதில் வேறொன்றைத் தரும் செயற்கூறு) சேர்த்தாலும் இதே கதிதான். 12ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கும் ஜெனரேட்டட் (தானாகக் கணக்கிடப்படும்) நெடுவரிசையில் டிஎஸ்வெக்டரைச் சேமித்து, அதன்மேல் உரைத் தேடலுக்கு ஏற்ற ஜின் வகை இண்டெக்ஸ் கட்டினால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

இண்டெக்ஸ் பயன்பட்டும் தாமதம் தொடர்ந்தால், வரிசைப்படுத்துதலைக் கவனிக்க வேண்டும். பொருத்தத்துக்கு மதிப்பெண் தரும் டிஎஸ்_ரேங்க் கொண்டு முதல் பத்து விடைகளை மட்டும் கேட்டாலும், பொருந்திய ஒவ்வொரு வரிசைக்கும் மதிப்பெண் கணக்கிட்ட பிறகே அந்தப் பத்து எவை என்று தெரியும். ஆகவே, லட்சக்கணக்கான வரிசைகளில் வரும் பொதுவான சொல்லைத் தேடும்போது விடைகளின் எண்ணிக்கையை வரையறுக்கும் லிமிட் அதிகம் உதவாது. தேதி போன்ற வேறொரு நிபந்தனையால் முதலில் வட்டத்தைச் சுருக்குவதே நடைமுறைக்கு ஏற்றது.

இருபுறமும் விழுக்காட்டுக் குறியிட்ட (உரையின் எந்த இடத்திலும் பொருந்தும்) லைக் வினவலுக்குச் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் உதவாது. போஸ்ட்கிரெஸின் பிஜி_டிரிஜிஎம் நீட்சி உதவும், ஆனால் அது மும்மூன்று எழுத்துகளாகப் பிரித்துத் தேடுவது, இரண்டெழுத்துத் தேடலில் அதனிடம் வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர், உரைத் தேடலுக்கான மேட்ச்சில் தரும் நெடுவரிசைகள் ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸில் உள்ளவையாகவே, கூடாமலும் குறையாமலும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதன் இன்னோடிபி சேமிப்பு எஞ்சினில் மூன்று எழுத்துக்குக் குறைந்த சொற்கள் இயல்பாகவே இண்டெக்ஸில் ஏறுவதில்லை. அந்த அளவை மாற்றினால் சர்வரை மறுபடி தொடங்கி, இண்டெக்ஸையும் திரும்பக் கட்ட வேண்டும்.

சோதனைக்குச் சில நூறு வரிசைகளை மட்டும் எடுத்துக்கொள்வதும் தவறுதான். அவ்வளவு சிறிய அட்டவணையில் இண்டெக்ஸ் சரியாக இருந்தாலும், முழுவதையும் படிப்பதே மலிவு என்று பிளானர் சீக் ஸ்கேனைத் தேர்ந்தெடுத்துவிடும்.