ஏ.ஆர்.டி. மருந்தைப் பாலியல் தொழிலாளர் பெண்கள் இருக்குமிடத்துக்கே கொண்டுசேர்ப்பது எப்படி?

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-இல், சென்னையில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளில்தான் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரல் முதல், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை அரசு இலவசமாகவே வழங்கிவருகிறது. ஆயினும், அம்மருந்தைத் தரும் ஏ.ஆர்.டி. மையத்தின் வரிசையில் நிற்கையில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற அச்சமும் ஒரு நாள் வருமான இழப்பும் பல பெண்களைச் சிகிச்சையிலிருந்து விலக்கிவிடுகின்றன. மருத்துவமனைக்கு வெளியிலேயே சிகிச்சையைத் தொடங்கும் வாய்ப்பை அளிக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது.

இதைச் செய்ய முன்வரும் தொண்டு நிறுவனம், முதலில் ஏ.ஆர்.டி. மைய மருத்துவ அலுவலரின் இசைவை எழுத்தில் பெற வேண்டும். மருந்து தரும் இடம், நேரம், கொண்டுவரும் ஆள் ஆகிய மூன்றையும் அந்தந்தப் பெண்ணே முடிவுசெய்யட்டும். சக தொழிலாளியிடம் வாங்கவே பலர் விரும்பலாம். தன் வட்டத்தில் எவருக்கும் தெரியக்கூடாது என நினைப்பவரும் இருப்பார். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, அவருடைய இசைவின்றித் தொற்று விவரத்தை வெளியிடக் கூடாது என்பதால், களத்துக்கு எடுத்துச்செல்லும் பட்டியலில் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும்.

எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் தொற்று உறுதியானதும், இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை ஆகியவை உண்டா என்று கேளுங்கள். ஒன்று இருந்தாலும் காசநோய்ப் பரிசோதனை அவசியம். காய்ச்சலோடு கடும் தலைவலியும் இருந்தால் களத்தில் மருந்தைத் தொடங்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மூளைக்காய்ச்சல் இருக்கையில் அவசரமாகத் தொடங்குவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

டோலுடெக்ராவிர் என்ற மருந்து அடங்கிய ஏ.ஆர்.டி. மாத்திரை நாளுக்கு ஒன்று. இரவெல்லாம் விழித்திருப்பவரிடம் 'படுக்கும்முன் போடுங்கள்' என்று சொல்லிப் பயனில்லை. அவர் எழும் நேரத்தையோ முதல் உணவையோ அடையாளமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அமில முறிவு மருந்து சாப்பிடுபவர், அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ இம்மாத்திரையைப் போட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளி பொருந்தும். உணவுடன் என்றால் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை இம்மாத்திரையோடு சேர்த்தே சாப்பிடலாம்.

ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும், பின்னர் ஆண்டுதோறும் வைரஸ் அளவுப் பரிசோதனை தவறக் கூடாது. வைரஸ் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 1,000-க்கு மேல் வந்தால் கண்டிக்காமல், மாத்திரை எந்த நாட்களில், எதனால் விட்டுப்போனது என்று கேட்டறிந்து, ஆலோசனைக்குப் பிறகு மூன்று மாதத்தில் மீண்டும் பரிசோதியுங்கள். வெளியூர் செல்பவருக்குப் புறப்படும் முன்பே கூடுதல் மருந்தையும், அவ்வூர் மையத்துக்கான மாற்றுக் கடிதத்தையும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.