அறத்துக்குக் கடவுள் வேண்டுமா? இந்தத் தலைப்பில் சொற்போர் நடத்தும் முறை

கல்லூரித் தமிழ் மன்றமோ நூலக வாசகர் வட்டமோ, என்றாவது ஒருநாள் இந்தத் தலைப்பைக் கையில் எடுத்தே தீரும். எடுத்த பத்தாவது நிமிடத்தில் ஓர் அணி போலிச் சாமியார்களை வரிசையாக நிறுத்தும். மறு அணி சோவியத் ஸ்டாலினைக் கூட்டிவரும். கைதட்டல் விழும். கேள்வி மட்டும் வைத்த இடத்திலேயே கிடக்கும். குற்றம் பேச்சாளர்களுடையது அல்ல, தலைப்பினுடையது. ஒரே வாக்கியத்துக்குள் நான்கு கேள்விகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒருவர் ஒன்றுக்குப் பதில் சொல்ல, எதிரே இருப்பவர் வேறொன்றை மறுத்துக்கொண்டிருப்பார்.

தலைப்பைப் பிரிப்பது

முதல் கேள்வி அறிதல் பற்றியது: எது நல்லது, எது கெட்டது என்று தெரிந்துகொள்ள இறைநம்பிக்கை வேண்டுமா? இரண்டாவது அடிப்படை பற்றியது: நல்லது நல்லதாக இருப்பதற்கே கடவுள் தேவையா? மூன்றாவது உந்துதல்: நல்லது என்று தெரிந்த பிறகும் அதைச் செய்ய மனிதனைத் தள்ளுவது எது? நான்காவது நடத்தை: நம்புகிறவர்கள் நம்பாதவர்களைவிட நல்லவர்களாக நடந்துகொள்கிறார்களா?

சாமியாரும் ஸ்டாலினும் நான்காவது கேள்விக்கான சாட்சிகள். இரண்டாவதில் அவர்களுக்கு வேலையே இல்லை. ஒரு கணக்கு வாத்தியார் கடையில் சில்லறையைத் தப்பாக எண்ணினார் என்பதால் கூட்டல் பொய்யாகிவிடாது. இரண்டு மணி நேரக் கூட்டத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் போதும். முதலாவது தானாக உள்ளே வரும். நான்காவதை விதியிலேயே விலக்கிவிடுவது நல்லது. விலக்க மனமில்லை என்றால் அணிக்கு ஓர் எடுத்துக்காட்டு என்று வரம்பு வையுங்கள்.

அடுத்து, சொற்களைச் சரிபார்க்க வேண்டும். அழைப்பிதழில் ‘ஒழுக்கம்’ என்று போட்டால் பேச்சு குடி, உடை, காதல் என்று சரிந்து, கடைசியில் பெண்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற உபதேசத்தில் போய் முடியும். அன்றாடத் தமிழில் அந்தச் சொல்லின் பாரம் அப்படி. ‘அறம்’ என்று போடுங்கள். ‘மதம்’, ‘கடவுள்’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சமணமும் பௌத்தமும் உலகைப் படைத்த கடவுளை ஏற்காதவை. ஆனால் கொல்லாமையில் அவற்றைவிடக் கறாரான சமயம் அரிது. வேதத்தைத் தலைமேல் வைத்த மீமாம்சகர்கள்கூட அறத்துக்கு வேதத்தைச் சான்றாக்கினார்களே தவிர, படைத்தவனைத் தேடவில்லை. ஆகவே தலைப்பில் ‘மதம்’ இருந்தால் சமண முனிவர் நம்பிக்கை அணியில் உட்காருவார். ‘கடவுள்’ இருந்தால் எதிரணிக்குப் போய்விடுவார். இதை மேடையில் தீர்க்க முயன்றால் இருபது நிமிடம் போகும். இரண்டு வாரம் முன்பே இரு அணித் தலைவர்களும் ஒப்புக்கொள்ளட்டும். ‘அறத்தின் அடிப்படை இறைநம்பிக்கையா, பகுத்தறிவா?’ என்பது பெரும்பாலும் சிக்கல் தராத வடிவம்.

நம்பிக்கை அணிக்கு

இந்த அணி முதலில் எதிர்கொள்ள வேண்டியது 2,400 ஆண்டுப் பழைய கேள்வி. பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில், ஏதென்ஸ் நகரின் வழக்குமன்ற வாசலில், சாக்ரடீஸ் யூதிஃப்ரோ என்பவரைச் சந்திக்கிறார். ஒரு கூலியாளைக் கட்டிப் பள்ளத்தில் போட்டுச் சாகவிட்டதற்காகத் தன் சொந்தத் தகப்பன்மீதே கொலை வழக்குத் தொடுக்க வந்தவர் யூதிஃப்ரோ. செய்வது புனிதமான காரியம் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. சாக்ரடீஸ் கேட்பது இதுதான்: ஒன்று புனிதமானது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது புனிதமாகிறதா?

முதல் பக்கம் சாய்ந்தால் தெய்வங்களுக்கு முன்பே ஓர் அளவுகோல் இருக்கிறது என்றாகும். இரண்டாம் பக்கம் சாய்ந்தால், நாளைக்குக் கடவுள் கொல்லச் சொன்னால் கொலையும் நல்லதாகிவிடும். ‘கடவுள் அப்படிச் சொல்லமாட்டார்’ என்று பதில் சொல்லிப் பல பேச்சாளர்கள் சிக்குவார்கள். ஏன் சொல்லமாட்டார் என்று எதிரணி கேட்கும். கொலை தீயது என்பதால் என்றால், முதல் பக்கத்துக்குத் திரும்பிவிட்டீர்கள்.

வழி இருக்கிறது. நன்மை கடவுளின் கட்டளையில் இல்லை, அவருடைய இயல்பில் இருக்கிறது. அளவுகோல் அவருக்கு வெளியேயும் இல்லை, அவர் விருப்பப்படி மாறுவதும் இல்லை என்று சொல்லலாம். கிறிஸ்தவ இறையியலில் வலுவாக நிற்கும் பதில் இது. அல்லது இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் வழியில், கடவுள் மனிதனுக்கு அறிவைக் கொடுத்தார், அந்த அறிவு நன்மையைக் கண்டுகொள்கிறது என்று சொல்லலாம். இதில் ஒரு விலை உண்டு: முதல் கேள்வியை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள். கொடுத்தால் கொடுங்கள், ஆனால் தெரிந்து கொடுங்கள். இஸ்லாமிய மரபிலும் இதே பிளவு உண்டு. நன்மை தீமையை அறிவே காணும் என்றனர் முஃதஸிலாக்கள். இறைக் கட்டளையே தீர்மானிக்கும் என்றனர் அஷ்அரிகள். ‘மதம் ஒரே குரலில் பேசுகிறது’ என்ற தொனி வந்தால் இந்த ஒரு வரியில் எதிரணி உடைத்துவிடும்.

இந்த அணியின் உண்மையான பலம் மூன்றாவது கேள்வியில். யாரும் பார்க்காத இடத்தில், பிடிபடவே வழியில்லாத நிலையில், எனக்கு லாபம் தரும் ஒரு தீமையை ஏன் செய்யக்கூடாது? பிளேட்டோ இதற்காகவே அணிந்தவரை மறைத்துவிடும் மோதிரம் ஒன்றைக் கதையாகக் கொண்டுவந்தார். ‘உன் மனசாட்சி’ என்று எதிரணி சொன்னால், மனசாட்சி மரத்துப்போனவனுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். பகுத்தறிவின் பெரிய பெயரான ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டே, அறம் கடவுளிலிருந்து பிறப்பதில்லை என்று வாதிட்ட பிறகும், அறமும் இன்பமும் ஒருநாள் ஒன்றுசேரும் என்று நம்புவதற்குக் கடவுளை ஓர் எடுகோளாக 1788-இல் வைத்தார். இரு அணிக்கும் அவர் முழுச் சொந்தம் இல்லை. முதலில் சொல்கிற அணிக்கு லாபம்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. நரக பயத்தில் வாதத்தைக் கட்டாதீர்கள். கட்டினால் எதிரணி புறநானூறு 134-ஐ எடுக்கும். வள்ளல் ஆய் அண்டிரனைப் புலவர் முடமோசியார் பாடுகிறார்: ‘இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்’. இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்ததில் கிடைக்கும் என்று கணக்குப் பார்ப்பவன் அறத்தை விலைபேசும் வியாபாரி. இந்த அடிக்கு மேடையில் மறுமொழி கிடையாது. பயத்துக்குப் பதில் இரக்கத்தை வையுங்கள். 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார் நல்ல துணை. எல்லா உயிரிலும் இறைவன் விளங்குவதைக் கண்டவனுக்குப் பிற உயிரின் பசி அந்நியமாக இருக்காது என்ற வழியில் போகலாம். சமய வெறி என்ற குற்றச்சாட்டும் அவரிடம் ஒட்டாது.

பகுத்தறிவு அணிக்கு

இந்த அணி வழக்கமாகத் தோற்பது அதீத நம்பிக்கையால். ‘கடவுள் இல்லை’ என்று நிரூபிக்கப் புறப்பட்டுவிடுவார்கள். தலைப்பு அதைக் கேட்கவில்லை. கடவுள் இருந்தாலும் அறம் அவரைச் சார்ந்து நிற்கவில்லை என்று காட்டினால் போதும்.

தொடக்கத்துக்குக் குறள் 318: ‘தன்னுயிர்க்கு இன்னாமை தானறிவான் என்கொலோ மன்னுயிர்க்கு இன்னா செயல்.’ தனக்கு வலிப்பது என்ன என்று அறிந்தவன் பிற உயிர்க்கு அதை எப்படிச் செய்கிறான் என்ற கேள்வி. இதில் சொர்க்கமும் இல்லை, கட்டளையும் இல்லை, ஒப்புநோக்கு மட்டுமே இருக்கிறது. ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். ‘அவனுக்கு வலிக்கிறது, சரி, எனக்கென்ன?’ என்று எதிரணி கேட்கும். இருப்பதைச் சொல்லும் வாக்கியங்களை எத்தனை அடுக்கினாலும் ‘வேண்டும்’ என்ற சொல் அவற்றிலிருந்து தானாக முளைக்காது என்று டேவிட் ஹியூம் 1740-இல் சுட்டிக்காட்டிய ஓட்டை இது.

அடைக்க மூன்று வழிகள் உண்டு, மூன்றிலும் ஒழுகல் இருக்கிறது. எல்லோருக்கும் விதியாக்க முடியாததை நீ செய்யாதே என்பது கான்ட் வழி. அதைப் பிடித்துக்கொண்டு அவர், துரத்தி வரும் கொலைகாரன் கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797-இல் எழுதினார். எதிரணியிடம் குறள் 292, ‘பொய்மையும் வாய்மை யிடத்த’, தயாராக இருக்கும். ஒருவரையொருவர் அழிக்காமலிருக்க எல்லோரும் செய்துகொண்ட ஒப்பந்தமே நீதி என்பது ஹாப்ஸ் வழி. ஒப்பந்தம் பேச முடியாத கைக்குழந்தையும் மாடும் அதில் எங்கே? பெரும்பான்மையின் இன்பத்தைக் கூட்டு என்பது பெந்தாம், மில் வழி. அப்படியானால் ஐந்து பேருக்காக ஒருவனைப் பலிகொடுக்கலாமா என்பார்கள். மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். மூன்றும் தமக்குள் ஒத்துப்போகாதவை. மூன்றையும் மேடையேற்றினால் எதிரணி அவற்றையே மோதவிட்டு வேடிக்கை பார்க்கும்.

மூன்றாவது கேள்விக்கு இந்த அணியிடம் இருக்கும் நல்ல ஆயுதம் தத்துவத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. நாத்திகனை வாக்குறுதியும் சத்தியமும் கட்டாது, ஆகவே அவனைச் சகிக்க வேண்டியதில்லை என்று 1689-இல் ஜான் லாக் எழுதினார். அதே தர்க்கத்தில் நாத்திகரான சார்லஸ் பிராட்லா 1880-இல் நார்தாம்டனில் வென்றும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமர ஆறு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1888-இல்தான் கடவுள் பெயரால் எடுக்கும் ஆணைக்குப் பதில் உறுதிமொழி என்பது அங்கே எல்லோருக்கும் சட்டமானது. அவரைப் பின்பற்றிய நாத்திகர் அமைப்பான சென்னை இலௌகிக சங்கம் ‘தத்துவவிவேசினி’ இதழை நடத்தியதும் அந்தப் பத்தாண்டில்தான்.

இந்தியாவில் அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை இரண்டு வடிவத்தையும் தருகிறது: கடவுள் பெயரால் ஆணையிடலாம், உளமார உறுதி கூறலாம். (குறிப்பில் ‘உளமாற’ என்று எழுதிவிடாதீர்கள்; உள்ளம் மாற என்று பொருள் திரியும்.) 1969-ஆம் ஆண்டின் ஆணைகள் சட்டம் இன்னும் நுட்பமாகப் பேசுகிறது. 12 வயதுக்குட்பட்ட சாட்சிக்கு உண்மை சொல்லும் கடமை புரிகிறது, ஆணையின் தன்மை புரியவில்லை என்று நீதிமன்றம் கருதினால், ஆணையின்றியே சாட்சியம் பெறலாம். உண்மை சொல்லும் பொறுப்பு அதனால் குறையாது. கடமையும் ஆணையும் வேறு என்று சட்டமே பிரித்துவிட்டது. எதிரணிக்கும் இங்கே ஒரு பிடி உண்டு: பொய்ச்சாட்சிக்குத் தண்டனை இருக்கிறதே, தெய்வத்தின் கண்ணுக்குப் பதில் போலீஸின் கண்ணை வைத்தீர்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். அதற்கு ஒரு பதிலை முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

குறளும் ஆய்வும்

குறள் இரு அணியிலும் ஆள் வைத்திருக்கும் நூல். ‘மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று’ (222) பகுத்தறிவு அணியின் செல்லக் குறள். அதில் வரும் உம்மையைக் கவனியுங்கள்: மேலுலகம் இல்லை என்று வள்ளுவர் சொல்லவில்லை, இல்லாவிட்டாலும் ஈவது நல்லது என்கிறார். அவ்வளவு சொன்னாலே உங்கள் வாதத்துக்குப் போதும். அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். ‘கெடுக உலகியற்றியான்’ (1062) என்பதை நாத்திகச் சான்றாகக் காட்டுவது பலவீனம். பிச்சை எடுத்துத்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலையைக் கண்ட கோபம் அது. இல்லாதவனை யாரும் சபிப்பதில்லை. நம்பிக்கை அணி, இறைவன் தாளைத் தொழாவிட்டால் கற்றதனால் என்ன பயன் என்று கேட்கும் இரண்டாம் குறளையும் 850-ஐயும் எடுக்கும். ‘உலகத்தார் உண்டென்பது இல்லென்பான்’ பேயாகக் கருதப்படுவான் என்பது 850. கடவுளும் மறுபிறப்பும் இருவினைப்பயனும் அதில் அடக்கம் என்பது பரிமேலழகர் உரை. அந்தக் குறள் நிற்கும் அதிகாரம் புல்லறிவாண்மை என்பதை எதிரணி நினைவூட்டலாம். ஒரு பேச்சாளருக்கு இரண்டு குறளுக்கு மேல் வேண்டாம்.

ஆய்வுகளைக் கொண்டுவந்தால் அவை எந்தக் கேள்விக்குப் பதில் என்று சேர்த்தே சொல்லுங்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் மாணவர்கள் 40 பேரை வைத்து உளவியலாளர்கள் டார்லியும் பேட்சனும் செய்த சோதனை 1973-இல் வெளிவந்தது. வழியில் ஒருவர் முனகிக்கொண்டு கிடந்தார். அவசரம் இல்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினர்; கடும் அவசரத்தில் இருந்தவர்களில் 10 விழுக்காட்டினர்தான். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதையைப் பற்றிப் பேசப் போய்க்கொண்டிருந்ததும் பெரிய வித்தியாசம் தரவில்லை. இதை வைத்துப் பக்தியை மட்டம் தட்டுகிறவர்கள், சோதனையில் நாத்திகர் குழு ஒன்று இல்லவே இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் இது உதவும்: நம்பிக்கையோ தர்க்கமோ, கடிகாரத்தின் முன் இரண்டும் தள்ளாடும். அதேபோல, உளவியலாளர் லாரி நூச்சி மதப்பற்றுள்ள அமெரிக்கக் குடும்பக் குழந்தைகளிடம் கேட்டபோது, கடவுள் விதி வைக்காவிட்டால் ஓய்வுநாளில் வேலை செய்யலாம், திருடுவது மட்டும் அப்போதும் தவறு என்றே பெரும்பாலும் சொன்னார்கள். குழந்தைகள் என்ன நினைக்கிறார்கள் என்று அது காட்டும். எது உண்மை என்று காட்டாது.

நேரமும் நடுவரும்

அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு 8 நிமிடம். நடுவர் தொடக்கம் 10, அவையோர் கேள்வி 20, அணித் தலைவர் மறுமொழி தலா 5, தீர்ப்பு 15. மொத்தம் 103 நிமிடம்; வரவேற்பும் நன்றியும் சேர்த்தால் இரண்டு மணி நேரம். ஏழாவது நிமிடத்தில் ஒரு மணி, எட்டில் இரண்டு. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு அணிகளை மாற்றிப் பேசவைத்து ஒத்திகை பாருங்கள். தன் வாதத்தின் ஒழுகல் எங்கே என்று ஒருவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நடுவர் ஒரு முழுத்தாளை நான்கு பத்தியாகக் கோடு போட்டு, தலையில் அறிதல், அடிப்படை, உந்துதல், நடத்தை என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வாதமும் விழும் பத்தியில் குறிப்பு. நான்காவது பத்தியில் விழுந்தவற்றுக்கு மதிப்பெண் இல்லை. தீர்ப்பில் ‘இரண்டும் இரு கண்கள்’ என்று சொல்லி இறங்குவது பட்டிமன்றத்து நோய். பத்தி பத்தியாகத் தீர்ப்புச் சொல்லலாம்: அறிதலில் இந்த அணி, உந்துதலில் அந்த அணி. பல கூட்டங்களில் ‘அடிப்படை’ என்ற பத்தி இரு பக்கமும் வெறுமையாகவே இருக்கும். அப்படி இருந்தால் தாளைத் தூக்கி அவைக்குக் காட்டி, அடுத்த கூட்டத்துக்கான தலைப்பாக அதையே அறிவித்துவிடலாம்.