யூரியா குறைவு என்று வந்தால்: ரிப்போர்ட்டைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் யூரியாவுக்கு எதிரே 'லோ' என்று பார்த்ததும் கிட்னி போச்சு என்று பதறுகிறவர்கள் உண்டு. கிட்னி பழுதானால் யூரியா ஏறும், இறங்காது.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, அச்சாகியிருப்பது யூரியாவா பி.யூ.என்-ஆ (பிளட் யூரியா நைட்ரஜன்) என்பதை. சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான். யூரியா மூலக்கூறின் எடை 60. அதில் நைட்ரஜன் மட்டும் 28. அந்த நைட்ரஜன் கணக்குதான் பி.யூ.என். அதை 2.14-ஆல் பெருக்கினால் யூரியா கிடைக்கும். பி.யூ.என் 9 என்று வந்ததை, இணையத்தில் பார்த்த யூரியா அளவான 15–40-ஓடு ஒப்பிட்டால் பயமாகத்தான் இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: 19-க்கு மேல். குறைவே இல்லை! லேபுக்கு லேப் அளவு கொஞ்சம் மாறும் என்பதால், உங்கள் தாளிலேயே அச்சிட்டிருக்கும் எல்லையைத்தான் நம்ப வேண்டும்.

உண்மையிலேயே குறைவு என்றால், அடுத்த பயம் கல்லீரல். புரதம் சிதைந்து வரும் அம்மோனியாவை யூரியாவாக்குவது கல்லீரல்தான், அதனால் இந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் கல்லீரல் கடுமையாகக் கெட்ட பிறகே யூரியா இப்படி விழும். அதற்குள் கல்லீரலின் நிலையைக் காட்டும் மற்ற ரத்தப் பரிசோதனைகளான பிலிருபின், ஆல்புமின், ஐ.என்.ஆர். எல்லாம் சேர்ந்து மாறியிருக்கும். அவை சரியாக இருந்தால், புரதம் குறைந்த சாப்பாடு, சமீபத்தில் ஏற்றிய டிரிப்ஸ், அளவுக்கு மீறிக் குடித்த தண்ணீர் என்று சாதாரணக் காரணங்களைத் தேடலாம். யூரியா அளவை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் வாங்குவது வீண்வேலை.

கர்ப்பிணிகளுக்குச் சிறுநீரக வடிகட்டல் சுமார் பாதியளவு கூடுவதால் யூரியா இறங்குவது இயல்பு. மற்றவர்களுக்கு 'நார்மல்' என்கிற மேல் எல்லை எண், கர்ப்பிணிக்கு அதிகமாகவும் இருக்கலாம்.

'குறைவாக இருக்கிறதே, கிட்னி சூப்பர்' என்று நினைப்பதும் தவறுதான். தசை வற்றிய, சரியாகச் சாப்பிடாத முதியவருக்கு யூரியாவும், தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினினும் இரண்டுமே தாழ்ந்திருக்கும். அந்த மறைவில் சிறுநீரகப் பலவீனம் ஒளிந்துகொள்ளும். சந்தேகம் இருந்தால் தசையை அவ்வளவாகச் சாராத சிறுநீரகப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி-யை மருத்துவர் பார்க்கச் சொல்வார்.

தாமதிக்கக் கூடாத இடங்கள்: மஞ்சள் காமாலை, வயிறு வீக்கம், மனக்குழப்பம் ஆகியவற்றோடு யூரியா குறைந்திருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. பிறந்த குழந்தை பால் குடிக்காமல், வாந்தியோடு துவண்டு கிடந்தால் ரிப்போர்ட்டை ஆராயாமல் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். யூரியாவாக மாறாமல் அம்மோனியா தேங்கியிருக்கிறதா என்று அங்கே அதன் அளவையும் பார்ப்பார்கள்.